கேட்ட வசனம் கடைமடை வரை போய்ச் சேர: கீழ்ப்படிகிற இருதயத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றால் டெல்டாவில் அன்றைக்கே பேச்சு மாறிவிடும். சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். ஆனால் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். "ஆத்துல தண்ணி வந்துடுச்சுங்க, வயலுக்குத்தான் வரலை" என்பார்கள். நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும். மதகுப் பலகை ஏறாது. அணையில் தண்ணீர் இருக்கிறது, கடைமடையில் நாற்று காய்கிறது.

நம் விசுவாச வாழ்க்கையிலும் இந்த நிலைமையைத்தான் பார்க்கிறேன். வேத வசனம் இந்த மண்ணுக்கு நேற்று வந்ததில்லை. 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அந்த ஊரிலேயே அச்சுக்கூடம் அமைந்து, 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. முந்நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வசனம் வாசிக்கப்படுகிறது, பாடப்படுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எங்கே இறங்கினாலும் காதில் ஒரு கோயில் மணி விழும். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நடந்து போகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. இவ்வளவு கேட்டும், கேட்டது நம் பணப்பெட்டி வரை, வரப்பு வரை, அடுப்படி வரை, தெரு வரை போகிறதா?

பாடும்போது கண் கலங்கினால் இருதயம் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கண்ணீர் நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை நமக்குத்தான் என்று தெரிந்த பிறகு அதைச் செய்வதற்கு எவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் இருதயத்தின் நிலை தெரியும். அந்த இடைவெளியில்தான் அது இளகுவதும் இறுகுவதும். கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாம் அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, இருதயத்தை மாற்றுகிறவர் தேவன். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் 36:26இல் அவரே வாக்குக் கொடுக்கிறார். பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் பவுல் பேசியபோது லீதியாளின் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தர்தான் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்கிறது. ஆகவே இதைச் சுயமுயற்சியாக, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஆண்டவரே, எனக்கு அந்த இருதயத்தைத் தாரும்" என்று கேட்பதுதான் தொடக்கம். கேட்டவர்களுக்கு அவர் இல்லையென்று சொல்கிறவர் அல்ல.

இரண்டாவது, இருதயம் கடினப்படுவது பெரும்பாலும் "மாட்டேன்" என்ற சொல்லால் அல்ல, "நாளைக்கு" என்ற சொல்லால். எகிப்து முழுவதும் தவளை. அடுப்பில் தவளை, படுக்கையில் தவளை. அவற்றை எப்போது நீக்க வேண்டும் என்று மோசே கேட்கிறார். பார்வோன் சொன்ன பதில்: "நாளைக்கு." இன்னும் ஒரு ராத்திரி தவளைகளோடு படுக்க அவனுக்குச் சம்மதம்! பவுலைக் காவலில் வைத்திருந்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ் இன்னும் மரியாதையானவன். நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றி பவுல் பேசியபோது அவன் நடுங்கவே செய்தான். நடுங்கிவிட்டு, சமயம் வரும்போது அழைக்கிறேன் என்று அனுப்பிவிட்டான். நடுக்கம் கீழ்ப்படிதல் ஆகாது. உணர்ச்சிவசப்பட்டதையே கீழ்ப்படிந்ததாகக் கணக்கில் வைக்கிற நமக்கு பேலிக்ஸின் கதை நிச்சயம் வேண்டும்.

இது அவிசுவாசிகளின் நோய் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். அப்பம் பெருகியதைக் கையால் தொட்டுப் பரிமாறிய சீஷர்களின் இருதயமே கடினமாயிருந்தது என்று மாற்கு 6:52 சொல்கிறது.

படி 1: பழைய பாக்கியிலிருந்து தொடங்குங்கள்

புது வருஷத்தில் புது வாக்குத்தத்தம் தேடுகிறோம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கனவே தெளிவாகச் சொல்லப்பட்டு, நாம் செய்யாமல் விட்டது என்ன?

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." பிறகு சும்மா உட்காருங்கள். மனதில் வருவதை ஒரு தாளில் எழுதுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, கிழித்துப் போடப்போகிற தாள்தான்.

அப்படி உட்காரும்போது இரண்டு வகைக் குரல் கேட்கும். ஒன்று, "நீ உருப்படவே மாட்டாய், நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவனா" என்று மொத்தமாக அடிக்கும். எந்தப் பாவம், யாருக்கு விரோதமாக, இனி என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் சொல்லாது. அடித்து மூலையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடும். பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது அப்படி இருக்காது. அவர் பேர் சொல்லுவார், தொகை சொல்லுவார், தேதி சொல்லுவார். "போன தீபாவளிக்கு மச்சானிடம் வாங்கிய பதினையாயிரம்." "அன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் அவளைப் பேசிய பேச்சு." வலிக்கும், ஆனால் வழியும் கூடவே தெரியும். நாத்தான் தாவீதிடம் "நீயே அந்த மனுஷன்" என்றபோது எந்தக் குற்றம் என்பதில் துளி சந்தேகமில்லை. மன்னிப்பும் அதே அறையில், அதே உரையாடலில் சொல்லப்பட்டது. முதல் வகைக் குரலுக்குக் காது கொடுத்துக் கொடுத்தே சோர்ந்துபோன நல்ல விசுவாசிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

தாளில் பத்து எழுதியிருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்ய மனம் மிகவும் கூசுகிறதோ, பெரும்பாலும் அதுதான்.

படி 2: கீழ்ப்படிவதற்காக வாசியுங்கள்

காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படத்தைப் பார்த்து 'ஆமென்' போடுவது வேத வாசிப்பு ஆகாது. அதில் வருவது பெரும்பாலும் ஆசீர்வாத வசனங்கள்தான். கடனைத் திருப்பிக் கொடு என்ற வசனத்தைப் பூப்படம் போட்டு யாரும் அனுப்புவதில்லை. ஆகவே ஒரு புத்தகத்தை எடுத்து வரிசையாக வாசியுங்கள். சுவிசேஷங்களில் ஒன்றில் தொடங்குவது நல்லது. ஒரு நாளைக்கு அரை அதிகாரம் போதும்.

ஒரு முறை மனதுக்குள்ளும் ஒரு முறை வாய்விட்டும் வாசியுங்கள். எந்த வரியில் மனம் நிற்கிறதோ, அல்லது எந்த வரியை வேகமாகக் கடந்துபோக மனம் பார்க்கிறதோ, அங்கே நில்லுங்கள். இரண்டாவதுதான் அதிகம் பேசும். பிறகு சாமுவேல் சொன்னதைச் சொல்லுங்கள்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." அதன்பின் ஒரே ஒரு கேள்வி: இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் இதனால் நான் என்ன செய்ய வேண்டும்? "அன்பாக இருக்க வேண்டும்" என்பது பதில் ஆகாது. "சாயங்காலம் நான்கு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பேன்" என்பது பதில். ஆள், நேரம், செயல் மூன்றும் இருக்க வேண்டும்.

நடவு நாட்களில் விடியுமுன்னே சோற்றுத் தூக்கோடு கிளம்பிவிடுகிற பெண்களுக்கு இந்தக் காலை நேரம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் ராத்திரி படுக்கும்முன் வாசிக்கட்டும். எழுத்து வராதவர்கள், பள்ளிக்கூடம் போகிற பேத்தியை வாசிக்கச் சொல்லி ஒரு வசனத்தை மனப்பாடமாக எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகட்டும். குனிந்து நாற்று ஊன்றுகிற நேரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். தினம் ஐந்து அதிகாரம் வாசிப்பவரைவிட அந்த அம்மா அதிகம் கேட்டிருப்பார்.

கற்றுக்கொள்கிற இருதயத்துக்குத் தரங்கம்பாடியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கரை இறங்கிய சீகன்பால்கு பல்கலைக்கழகம் படித்தவர். தமிழ் படிக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் தரையில் உட்கார்ந்தார். வேதத்தின் முன்னால் நாம் உட்கார வேண்டிய விதமும் அதுதான். இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்களுக்கு இதை விசேஷமாகச் சொல்கிறேன்.

படி 3: பிரசங்கம் கேட்கும் விதத்தை மாற்றுங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "ஐயா, அருமையான செய்தி" என்று போதகர் கையைப் பிடித்துக் குலுக்குகிறோம். வண்டியை எடுப்பதற்குள் கறிக்கடையில் கூட்டம் இருக்குமா என்று பேச்சு மாறிவிடுகிறது. எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின் கடைசியில் இதே காட்சி இருக்கிறது. ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள், கேட்கிறார்கள், ரசிக்கிறார்கள். இனிய குரலில் பாடுகிறவனுடைய பாட்டைப் போல அவர்களுக்குத் தீர்க்கதரிசி இருக்கிறான். ஆனால் செய்வதில்லை. கோடை விடுமுறையில் நடக்கிற நற்செய்திப் பெருவிழாக்களைப் பற்றி எனக்கு இருக்கிற கவலையும் இதுவே. மேடையும் இசையும் எவ்வளவு சிறப்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு ரசிகர்களாகிவிடுகிற ஆபத்தும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டில் வீட்டில் ஒருவர் கேட்கட்டும்: "இன்னைக்குக் கேட்டதுல நம்ம வீட்டுக்கு என்ன?" பிரசங்கியாரைப் பற்றிய விமர்சனம் அந்த வேளையில் வேண்டாம். பிள்ளைகளும் பதில் சொல்லட்டும். பிள்ளைகள் சொல்லும் பதில் சில சமயம் அப்பாவுக்குச் சோறு இறங்காதபடி இருக்கும். அந்த நேரத்தில் அதட்டி வாயை அடைக்காமல் இருப்பதே அன்றைக்கு அப்பாவின் கீழ்ப்படிதல்.

படி 4: கடைமடையைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் முக்கியமான இடம் இது. ஜெபம், ஆராதனை, உபவாசம் எல்லாம் தலைமடை. அங்கே தண்ணீர் எப்போதும் ஓடும். டெல்டாவில் வசனம் போய்ச் சேராத இடங்கள் என்று நான் காண்பவை இவை.

கூலி. நடவும் களையெடுப்பும் முடிந்து பெண்கள் வாசலில் வந்து நிற்கும்போது, "கொள்முதல் நிலையத்துல பணம் வரட்டும், சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லாத வீடு குறைவு. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்குவதும் பணம் தாமதமாவதும் உண்மையான கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. யாக்கோபு 5:4 இன்னும் கடுமை: வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவியில் விழுந்துகொண்டிருக்கும்போது நம் ஸ்தோத்திரப் பலி எப்படி ஏறும்? தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரை இந்த விஷயத்தில் நினைக்க வேண்டும். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் உணவு இல்லை. முன்பு கொடுத்ததற்குப் பணம் கிடைக்காமல் ஏமாந்திருந்த சுற்றுப்புறத்து மக்கள் தானியம் கொண்டுவர மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகே தானியம் வந்தது. சொன்னபடி அவர்களுக்குப் பணமும் போய்ச் சேர்ந்தது. அரசாங்கத்தின் சொல்லை நம்பாதவர்கள் ஒரு போதகரின் சொல்லை நம்பினார்கள். கூலி, குத்தகை, கைமாற்று எதுவானாலும், "அவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று நம்மைப் பற்றி ஊரில் சொல்கிறார்களா?

நிலம். மன்னார்குடிப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவரின் வயல் அடுத்தடுத்து இருந்தது. நடவுக்கு முன் வருஷாவருஷம் அண்டை வெட்டும்போது, அண்ணன் பக்கத்திலிருந்து மண்வெட்டி வரப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே சீவிவந்தது. ஒரு வருஷத்துக்கு இரண்டு விரற்கடை. யாருக்கும் தெரியாது. ஏர் ஓட்டின காலத்தில் இரண்டு ஆள் நடக்கலாம் என்றிருந்த வரப்பு ஒற்றைக்கால் வரப்பாகி, தம்பி பக்கமாகச் சாய்ந்தும் விட்டது. பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே என்ற நீதிமொழிகள் 22:28 ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாசிப்புக்கு வந்தது. பெரியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, நூல் புடிச்சு அளந்துக்குவோம். என் பக்கம் வந்திருக்கும்" என்றார். தம்பிக்குச் சந்தேகம்தான் வந்தது. "என்னண்ணே, திடீர்னு? வித்துகித்துப் போடப் போறீங்களா?" என்றார். அளந்தார்கள். அண்ணன் தன் பக்கத்து மண்ணை எடுத்துப் போட்டு வரப்பைப் பழையபடி கட்டினார். தம்பி உடனே கட்டிப் பிடித்து அழவில்லை. அந்தப் போகம் முழுவதும் முறைப்பாகத்தான் இருந்தார். கீழ்ப்படிந்ததற்குக் கைமேல் பலன் கிடைக்காமல் போகலாம். அதைத் தாங்கவும் இருதயத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சாதி. இதை விட்டுவிட்டு டெல்டாவில் கீழ்ப்படிதலைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். 1833இல் கல்கத்தாப் பேராயராக இருந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூர்ச் சபையில் பலர் அதை ஏற்காமல் விலகினார்கள். தலைமுறையாக வசனம் கேட்டவர்கள், ஞானப்பாட்டுகள் நெஞ்சில் நிறைந்தவர்கள், சேர்ந்து உட்காருவது, சேர்ந்து திருவிருந்து வாங்குவது என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். இன்று ஒரே பாத்திரத்தில் வாங்குகிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில்? பெண் பார்க்கும் பேச்சில்? சபைத் தேர்தலில் ஓட்டுப் போடும்போது? அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து பேதுரு மெதுவாக விலகியபோது, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். சாப்பாட்டு விஷயம்தானே என்று அவர் விடவில்லை. செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபையில், உங்கள் தெருவல்லாத தெருவில் இருக்கிற ஒரு குடும்பத்தின் வீட்டில் இந்த மாதம் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டில், உங்கள் தட்டில், உங்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். மனம் எங்கே இடறுகிறது என்று அப்போது தெரியும். அந்த இடறலை ஜெபத்துக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள் பேசுகிற வாயையும், பூட்டுப் போட்ட செல்போனையும் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும். ஜெபக்கூட்டத்தில் பேசுகிற குரலிலேயே வீட்டில் மனைவியிடமும் மாமியாரிடமும் மருமகளிடமும் பேச முடிகிறதா என்று பாருங்கள். செல்போனில் பார்க்கக் கூடாததைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒளித்து வைத்துக்கொண்டே அதிலிருந்து விடுபட்டவர்கள் மிகவும் குறைவு.

படி 5: கடிந்துகொள்ள ஒருவருக்கு இடம் கொடுங்கள்

யூதாவின் இரண்டு ராஜாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா யோசியா. ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கக் கேட்டதும் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். மகன் யோயாக்கீம். எரேமியாவின் சுருளை வாசிக்க வாசிக்க, குளிர்கால வீட்டில் கணப்புச் சட்டியின் முன் உட்கார்ந்து சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பாரம்பரியக் கிறிஸ்தவக் குடும்பம் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த மகனை வைத்து யோசிக்கலாம்.

"நீங்க செய்யிறது சரியில்ல" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார்? ஒருவர் பேரும் மனதில் வரவில்லை என்றால், இந்த வாரமே ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் போய், "என்னிடம் தப்பு தெரிந்தால் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்" என்று அனுமதி கொடுங்கள். அவர் சொல்லும் நாளில் முதல் இருபத்துநான்கு மணி நேரம் பதில் சொல்லாதீர்கள். நியாயப்படுத்துகிற வாதம் எல்லாம் அந்த நேரத்தில்தான் கிளம்பும். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்றாலும் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். போதகர்களும் மூப்பர்களும் இதற்கு விலக்கல்ல. யாரும் கேள்வி கேட்க முடியாத உயரத்தில் இருக்கிற போதகருக்காகப் பயப்பட வேண்டும்.

படி 6: மனுஷனுக்கு அடங்குவதையும் தேவனுக்குக் கீழ்ப்படிவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இளகிய இருதயம் உள்ளவர்களை ஏமாற்றுவது எளிது. அதனால் இந்தப் படியை விட்டுவிட முடியாது. 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் ஒரு தேவனுடைய மனுஷன் வருகிறான். பெத்தேலில் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் திரும்ப வேண்டும் என்று கர்த்தர் அவனுக்கு நேரடியாகச் சொல்லியிருந்தார். ராஜா கூப்பிட்டும் மறுத்தவன், "எனக்கும் தூதன் சொன்னான்" என்று ஒரு கிழத் தீர்க்கதரிசி பொய் சொன்னதும் போய்ச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது.

"கர்த்தர் எனக்கு உன்னைப் பற்றிச் சொன்னார்" என்று யார் வந்தாலும் வேதத்தோடு ஒத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. பெரோயா ஊரார் பவுல் பேசியதையே வேதத்தைத் திறந்து வைத்துச் சரிபார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். நகையைக் கழற்றிக் காணிக்கை போடு, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் காணிக்கையை விதையாகப் போடு என்று அவசரப்படுத்துகிறவருக்கு மறுப்புச் சொல்வது கீழ்ப்படியாமை அல்ல. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போய் அடங்கி இரு என்று சொல்கிறவர் தேவனுடைய வாயாகப் பேசவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருக்கிற சகோதரிகள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய் இருக்கலாம். தாவீது சவுலின் ஈட்டிக்கு விலகி ஓடினான். அவனைக் கீழ்ப்படியாதவன் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

படி 7: வறண்ட நாட்களில்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையில் சுனாமியில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தாத்தா வைத்த மரங்கள். அதற்குப் பிறகு ஜெபிக்க வாய் வராதவர்களை "இருதயம் கடினப்பட்டுவிட்டது" என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். துக்கத்தில் மரத்துப்போன மனசு வேறு, பாவத்தில் இறுகின மனசு வேறு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்ட சங்கீதக்காரனின் ஜெபத்தை வேதம் வெட்டி எறியவில்லை, நம் கையில் கொடுத்திருக்கிறது.

சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். வறண்ட நாட்களில் உங்கள் கீழ்ப்படிதல் அவ்வளவு சின்னதாக இருக்கலாம்: சாப்பிடுவது, தூங்குவது, ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு மூடி வைப்பது, ஞாயிறன்று கடைசி பெஞ்சில் போய் உட்காருவது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் மருத்துவரைப் பாருங்கள். அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

படி 8: விழுந்தால்

சீக்கிரம் எழும்புங்கள், அவ்வளவுதான். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 இருக்கிறது. மறுபடி அதே பாவமா என்ற வெட்கத்தில் ஒரு மாதம் ஜெபிக்காமல் இருப்பது பாவத்தைவிட அதிகம் கெடுக்கும். மனுஷருக்குச் செய்த தீங்கு என்றால் ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயக்காரர் தலைவன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றே சொன்னான்.

வழி தெளிவாகத் தெரியாத காரியங்களில்

வளைகுடா வேலைக்குப் போகலாமா, நிலத்தை விற்று வீடு கட்டலாமா, இந்த வரன் சரியா என்பதற்கெல்லாம் நேரடி வசனம் கிடைக்காது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும், சீட்டுக் குலுக்கிப் போடுவதும் வேண்டாம். தெரிந்த காரியத்தில் கீழ்ப்படிந்துகொண்டே இருங்கள், ஜெபியுங்கள், அந்த விஷயத்தில் அனுபவம் உள்ள இரண்டு பேரிடம் ஆலோசனை கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். பேதுருவுக்கு ராத்திரி முழுவதும் மீன் கிடைக்கவில்லை. பகலில் ஆழத்தில் வலை போடச் சொன்னது அவன் தொழிலறிவுக்குப் பொருந்தவில்லை. "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்றான். தெளிவாகச் சொல்லப்பட்டபோது அப்படிச் செய்கிறவனுக்கு, சொல்லப்படாத இடத்தில் பயந்து நடுங்க வேண்டிய அவசியம் இல்லை.

தனியாகச் செய்யாதீர்கள்

கடினப்பட்டுப்போகாதபடிக்கு "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்று எபிரெயர் 3:13 சொல்கிறது. நாடோறும் என்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை லெந்து நாட்களில் மட்டும் என்று சொல்லவில்லை. இரண்டு அல்லது மூன்று பேர் சேருங்கள். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு இருப்பது பேச வசதி. வாரத்தில் ஒரு மணி நேரம், கோயில் திண்ணையோ வீட்டு வாசலோ களத்துமேடோ போதும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: போன வாரம் எதைச் செய்கிறேன் என்று சொன்னீர்கள், செய்தீர்களா? எங்கே தடுக்குது? இந்த வாரம் எது? அறிவுரையை முதலில் எடுத்து நீட்டாதீர்கள், கேளுங்கள். அங்கே பேசியது வேறு யார் காதுக்கும் போகக் கூடாது, வீட்டுக்காரருக்குக்கூட, ஜெபக் குறிப்பு என்ற பேரில்கூட. யாராவது அதை வெளியே சொல்லிவிட்டால் அவர் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு அடுத்த வாரக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது.